யாருக்காவது கலர் பாத்து எடுக்கப் போறீங்களா? மொதல்ல பீரோவைத் திறங்க

எங்க சொந்தத்துல யார் வீட்ல விசேஷம்னாலும் புடவை எடுக்க என்னைத்தான் கூப்பிடுவாங்க, மதுரை விளக்குத்தூண் பக்கம் இருபது வருஷமா கடை கடையா ஏறி இறங்குறேன், எல்லாரும் கேக்குற ஒரே கேள்வி "மதினி, அவங்களுக்கு என்ன கலர் எடுக்கலாம்?" இதுதான். இப்பல்லாம் கேக்கும்போதே போன்ல ஒரு படத்தையும் காட்டுறாங்க, சிவப்புன்னா கோபம், நீலம்னா அமைதி, மஞ்சள்னா சந்தோஷம்னு கட்டம் போட்டு எழுதியிருக்கும். அதப் பாத்து புடவை எடுத்தீங்கன்னா பாதி நேரம் பீரோவுலதான் கெடக்கும். கலருக்கு அர்த்தம் இருக்கு, நெறையவே இருக்கு, ஆனா அது ஊருக்கு ஒண்ணு, வீட்டுக்கு ஒண்ணு, ஆளுக்கு ஒண்ணுன்னு மூணு அடுக்கா இருக்கு. மூணையும் பாத்து எடுக்குறது எப்படின்னு நான் கத்துக்கிட்டத இங்க எழுதுறேன், புடவைக்கு மட்டும் இல்ல, சட்டை, சுவர், திரைச்சீலை எல்லாத்துக்கும் இதே வழிதான்.

நான் இத எப்பக் கத்துக்கிட்டேன்னு மொதல்ல சொல்லிர்றேன். அப்பா தவறி வருஷம் திரும்புன பிறகு வந்த மொத தீபாவளிக்கு அம்மாவுக்கு ஒரு சந்தன கலர் பட்டு எடுத்தேன், சன்னமா காப்பி கலர் பார்டர், பாக்க ரொம்ப அழகா இருந்துச்சு, அம்மா வயசுக்கும் நெலமைக்கும் பாந்தமா இருக்கும்னு நெனச்சேன். அம்மா வாங்கி ஒரு தடவை தடவிப் பாத்துட்டு "நல்லாருக்கு தாயி"ன்னு சொல்லி மேல் தட்டுல வச்சாங்க. தீபாவளிக்குக் கட்டல, பொங்கலுக்குக் கட்டல, தங்கச்சி மகன் காதுகுத்துக்கும் கட்டல. ஒரு நாள் மத்தியானம் துணி மடிச்சுக்கிட்டு இருக்கும்போது கேட்டேன், ஏம்மா அதக் கட்டவே மாட்டேங்குறீங்கன்னு. கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு அம்மா சொன்னாங்க, "புடவை நல்ல புடவைதான். ஆனா அத எடுக்கும்போது நீ என்னய நெனைக்கல, அப்பா இல்லாததத்தான் நெனச்சிருக்க." எனக்கு அடி வயித்துல என்னமோ பண்ணுச்சு. யாரும் அம்மாவ வெள்ளை கட்டச் சொல்லல, எங்க வீட்ல இப்ப அந்தப் பழக்கமும் இல்ல, ஆனா நானே எனக்குத் தெரியாம அவங்க மேல இருந்த கலரக் கொஞ்சம் கொஞ்சமா எடுத்துக்கிட்டு இருந்திருக்கேன்.

அதனால மொத வேலை, கடைக்குப் போறதுக்கு முன்னாடி பீரோவைத் திறக்கணும். யாருக்கு எடுக்குறீங்களோ அவங்களோட உக்காந்து, அவசரம் இல்லாத ஒரு மத்தியானமாப் பாத்து, மூணு விஷயம் கேளுங்க. எத அடிக்கடி கட்டுறீங்க, எதக் கட்டவே இல்ல, எது கிழிஞ்சும் தூக்கிப் போட மனசு வரல. "உங்களுக்குப் பிடிச்ச கலர் என்ன"ன்னு மட்டும் நேரடியாக் கேக்காதீங்க, அதுக்கு யாரும் சரியாப் பதில் சொல்றதில்ல, உங்களுக்கு அலைச்சல் இல்லாம எது கெடைக்குமோ அதத்தான் சொல்லுவாங்க, இல்லன்னா "எதுனாலும் சரி"ம்பாங்க. துணிய கைல வச்சுக்கிட்டுப் பேசும்போதுதான் உள்ள இருக்குறது வெளிய வரும்.

மூணுல முக்கியமானது மூணாவதுதான். எங்க அம்மா பீரோவுல அடித்தட்டுல, பழைய பெட்ஷீட்டுக்குக் கீழ ஒரு பாசிப்பச்சை சுங்குடி இருந்துச்சு. முந்தி நைஞ்சு போயி, கரை வெளுத்து, ஒரு எடத்துல நூல் வேலை போட்டுத் தச்சிருந்துச்சு. பழைய சுங்குடிங்கறதால புள்ளியெல்லாம் கைல முடிச்சுப் போட்டது, ஒரு புள்ளி மாதிரி இன்னொண்ணு இருக்காது, நடுவுல கடுகளவுக்குச் சாயம் ஒட்டியிருக்கும், இப்ப வர்ற அச்சுப் போட்ட சுங்குடில அது தெரியாது. கல்யாணம் ஆகி வந்த மொத சித்திரைத் திருவிழாவுக்கு அப்பா வாங்கிக் குடுத்ததாம். "ஒனக்கு மீனாட்சி கலர்தான் எடுப்பா இருக்கும்"னு சொல்லிக் குடுத்தாராம். இத்தன வருஷம் கூடவே இருந்திருக்கேன், எனக்குத் தெரியாது. அம்மாவுக்குப் பச்சைன்னா வளமும் இல்ல, இயற்கையும் இல்ல, அப்பா மொத மொதல்ல அவங்களப் பாத்து சொன்ன ஒரு வார்த்தை. இத எந்த சார்ட்டுலயும் போட மாட்டாங்க.

இதே வேலைய உங்களுக்கும் ஒரு தடவை பண்ணிப் பாருங்க. ஒரு நோட்டுல கலர் பேரா எழுதி, அதுக்கு நேரா மனசுல மொதல்ல வர்ற எடத்தையோ ஆளையோ எழுதுங்க, யோசிக்காம எழுதணும். நான் எழுதும்போது வெளிர்நீலத்துக்கு நேரா "வார்டு"ன்னு எழுதுனேன். அப்பாவ வச்சிருந்த ஆஸ்பத்திரில சுவரெல்லாம் அந்தக் கலர்தான், பதினோரு நாள் அதையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன், இன்னைக்கும் அந்த நீலத்தப் பாத்தா மூக்குல மருந்து வாடை வந்துரும். ஊருக்கே அமைதியக் குடுக்குற கலர் எனக்கு மட்டும் ஏன் அப்படி இருக்குன்னு அப்பத்தான் புரிஞ்சுச்சு. என் படுக்கையறைக்கு அந்தக் கலர் அடிக்க இருந்தாங்க, வேணாம்னுட்டேன்.

அடுத்தது பேரு. பச்சைன்னு சொன்னா போதாது, எந்தப் பச்சை? கிளிப்பச்சை, இலைப்பச்சை, பாசிப்பச்சை, ராமர் பச்சை, ஒவ்வொண்ணும் வேற. நம்ம ஆளுங்க கலருக்கு வச்ச பேரையெல்லாம் பாருங்க, மாம்பழக் கலர், மாந்துளிர், வெங்காயச் சருகு, கத்தரிப்பூ, வாடாமல்லி, பாக்குக் கலர், காப்பிப்பொடி, மயில் கழுத்து, எல்லாமே கண்ணு முன்னாடி இருக்குற பொருள். எம்.எஸ். ப்ளூன்னு ஒண்ணு இருக்கே, எம்.எஸ். சுப்புலட்சுமி கச்சேரிக்குக் கட்டுன அந்த அடர் நீலம், காஞ்சிபுரத்துல முத்துச் செட்டியார் நெய்து குடுத்தது, அது ஆள் பேர்லயே ஒரு கலரா நின்னு போச்சு. வயசானவங்க கிட்ட கேக்கும்போது "எது மாதிரி?"ன்னு கேளுங்க. எங்க அப்பத்தா "செவப்பு வேணும்"னு சொன்னா நாங்க ரத்தச் செவப்பு எடுத்துட்டு வருவோம், அவங்க கேட்டது அரக்கு. "மொளகாப்பழமா, மாதுளையா, அரக்கா"ன்னு கேட்டிருந்தா ஒரு நடை மிச்சமாயிருக்கும். இப்ப நான் வாட்ஸப்புல போட்டோ அனுப்புறத விட்டுட்டேன், ஸ்கிரீன்ல கலர் ஒரு நாளும் சரியா வராது, அதுக்குப் பதிலா அவங்களோட பழைய ரவிக்கைத் துண்டு ஒண்ணக் கைல எடுத்துட்டுப் போறேன்.

பேச்சையும் கவனிங்க. ஒருத்தருக்கு ஒரு கலர் மேல என்ன நெனப்புன்னு அவங்க பேசுற பேச்சுலயே பாதி தெரிஞ்சுரும், ஏன்னா நம்ம மொழில கலரெல்லாம் சும்மா கலரா நிக்கிறதில்ல. பச்சைக் குழந்தைங்கறோம், பிள்ளை பெத்தவள பச்சை உடம்புக்காரிங்கறோம், பச்சைத் தண்ணிங்கறோம், அங்கெல்லாம் பச்சைன்னா இன்னும் பக்குவப்படாதது, தொட்டா நோகுறது. அதே வாயாலதான் பச்சைப் பொய்யும் சொல்றோம். வெள்ளந்தி, வெள்ளை மனசுங்கறது நல்ல வார்த்தை, ஆனா "மொகம் வெளுத்துப் போச்சு", "சாயம் வெளுத்துருச்சு"ங்கறது அப்படி இல்ல. செம்மைன்னா செவப்பும்தான், ஒழுங்கும்தான், செந்தமிழ்னு அதனாலதான் சொல்றோம். திருக்குறள்ல பசப்புறு பருவரல்னு ஒரு அதிகாரமே இருக்கு, 119வது, பிரிஞ்சு போனவன நெனச்சு மேனி நெறம் மாறுறதப் பத்தி மட்டும் பத்துக் குறள். நெறத்த வச்சு மனசப் படிக்குறது நமக்கு நேத்து வந்த பழக்கம் இல்ல.

இனி ஒவ்வொரு கலரா வருவோம், எல்லாத்தையும் ஒரே அளவுக்கு எழுதப் போறதில்ல, எதுல தப்பு அதிகமா நடக்குதோ அத விரிவாச் சொல்றேன்.

மஞ்சள் நமக்கு வேற கலர் மாதிரி இல்ல, அது மொதல்ல ஒரு பொருள், பிறகுதான் கலர். தாலிக்கயிறு, பத்திரிகையோட நாலு மூலை, புதுத்துணி ஓரம், வாசப்படி, எல்லாத்துலயும் அந்தக் கெழங்குதான். கல்யாணப் பத்திரிகை வச்சுக் குடுத்த மஞ்சப்பைய 2021 டிசம்பர்ல தமிழ்நாடு அரசு பிளாஸ்டிக்குக்கு எதிரா "மீண்டும் மஞ்சப்பை"ன்னு கொண்டு வந்தப்ப ஜனங்களுக்கு விளக்கமே தேவைப்படல, கலரே பேசிருச்சு. ஆனா பாருங்க, வியாபாரம் பண்ணி நொடிச்சுப் போனவங்க வீட்ல மஞ்சளுக்கு இன்னொரு அர்த்தம் இருக்கு, மஞ்சக் கடுதாசி குடுத்தவன்னு ஊரு பேசுன பேச்சு. அப்படி ஒரு வீட்டுக்குப் புதுமனை புகுவிழாவுக்கு மஞ்சக் கவர்ல மொய் வைக்கலாமான்னு ஒரு அண்ணன் என்கிட்ட கேட்டாரு, நான் தாராளமா வைங்க, ஆனா கவர் மேல குங்குமமும் சேத்து வைங்கன்னேன். சந்தேகமா இருக்குற எடத்துல கூட ஒரு கலரச் சேத்துட்டா அது எந்த அர்த்தத்துல வந்திருக்குன்னு தெளிவாயிரும்.

மஞ்சளும் செவப்பும் ஒண்ணுக்கொண்ணு உறவுங்கறத புள்ளைங்களுக்கு ஒரு நாள் கண்ணால காட்டுங்க. ஒரு தாம்பாளத்துல தண்ணி ஊத்தி ஒரு ஸ்பூன் மஞ்சத்தூள் கரைங்க, மஞ்சளா இருக்கும். வெத்தலைக்குப் போடுற சுண்ணாம்பு ஒரு சுண்டைக்காய் அளவு எடுத்து விரலால கரைச்சு விடுங்க, விரலச் சுத்தி மொதல்ல செவப்பு வரும், கலக்கக் கலக்க தாம்பாளம் முழுக்க ரத்தச் செவப்பாயிரும். ஆரத்தி தண்ணி இதுதான். மஞ்சள்ல இருக்குற குர்குமின், சுண்ணாம்புல இருக்குற காரத்தன்மை பட்டா நெறம் மாறும், நல்ல குங்குமம் பண்றதும் இந்த முறைலதான். இதப் பாத்த என் தங்கச்சி மகன் "அப்ப ரெண்டும் ஒண்ணா பெரியம்மா?"ன்னு கேட்டான், ஆமாடா சாமின்னேன்.

செவப்பு கல்யாணக் கலர், அதுல பெருசாச் சொல்ல ஒண்ணும் இல்ல, கூறைப் புடவைன்னாலே அரக்குதான்னு நெறைய வீட்ல இன்னும் இருக்கு. மேல்மருவத்தூர் போறவங்களுக்கு அது சாமி உடுப்பு, அவங்களுக்குப் பரிசு குடுக்குறதா இருந்தா செவப்புல கண்ண மூடிக்கிட்டு எடுக்கலாம். ஆனா ஒரே கலர் ஒரே ஊர்ல எப்படி ரெண்டா நிக்குதுன்னு பாக்கணும்னா சித்திரைத் திருவிழாவுக்கு மதுரை வாங்க. மீனாட்சி கல்யாணத்தன்னைக்கு செவப்பு, அரக்குன்னு பட்டுக் கட்டி, தாலிக்கயிறு மாத்திக்கிட்டு பொம்பளைங்க ஊர் கொள்ளாம நிப்பாங்க. அடுத்த சில நாள்லயே அழகர் வைகைல எறங்குவாரு, அவரு என்ன கலர் பட்டு உடுத்தி வர்றாருன்னு விடியக்காலைல லட்சம் கண்ணு காத்துக்கிட்டு கெடக்கும். பட்டர் பெட்டிக்குள்ள கைய விட்டு, கைக்கு வந்த பட்டத்தான் சாத்துறதுன்னு ஐதீகம். பச்சை வந்துட்டா அந்த வருஷம் மழை பெஞ்சு விளையும்னு ஜனங்களுக்கு அப்படி ஒரு சந்தோஷம், செவப்பு வந்தா முகத்துல ஒரு கலக்கம் தெரியும். சில நாள் முன்னாடி மங்களமா இருந்த செவப்பு ஆத்துக்குள்ள எறங்கும்போது பயமா மாறிருது. அதனால "செவப்புன்னா என்ன அர்த்தம்"னு பொதுவாக் கேட்டா பதில் கெடையாது, எங்க, எப்ப, யார் மேலன்னு கேளுங்க.

கருப்புலதான் ரொம்பப் பேரு தடுமாறுறாங்க. விசேஷத்துக்குக் கருப்பு ஆகாதுன்னு ஒரே போடாப் போட்டுருவாங்க, ஆனா நம்மகிட்டயே அதுக்கு மாறா எத்தன இருக்கு! மாசமா இருக்குற பொண்ணுக்கு வளைகாப்பு சீமந்தத்துல கருப்புப் புடவை எடுத்துக் குடுக்குற வழக்கம் சில குடும்பங்கள்ல இருக்கு, அதுக்கு மசக்கைக் கருப்புன்னே பேரு. புள்ளைக்குக் கன்னத்துல வைக்குற பொட்டு கருப்பு, இடுப்புல கட்டுற கயிறு கருப்பு, காவல் நிக்குற சாமி கருப்பசாமி. கார்த்திகை பொறந்தா ஐயப்பனுக்கு மாலை போட்டவங்க கருப்புலதான் திரியுறாங்க. இன்னொரு பக்கம் பெரியாரோட இயக்கம் கருப்ப வேணும்னே எடுத்துக்கிச்சு, சமுதாயத்தோட இழிவக் காட்டத்தான் கருப்பு, அதப் போக்குற புரட்சிக்கு நடுவுல செவப்பு வட்டம்னு கொடியவே அப்படி வச்சாங்க, 1946ல கருப்புச் சட்டை மாநாடு நடந்ததும் இதே மதுரைலதான். எங்க பெரியப்பா ஒருத்தர் சாகுற வரைக்கும் கல்யாண வீட்டுக்குக் கருப்புச் சட்டைலதான் வந்தாரு, அவருக்குத் துணி எடுக்கும்போது யாரும் வேற கலர யோசிக்கவே மாட்டோம், அது அவருக்குக் கொள்கை. அப்ப கருப்பு எடுக்குறதுக்கு முன்னாடி கேக்க வேண்டியது ஒண்ணுதான், அந்த வீட்ல அது காவலா, விரதமா, கொள்கையா, துக்கமா? கேட்டுட்டு எடுங்க. கேக்க முடியாத எடம்னா, புதுசா சம்பந்தம் பண்ற வீடு மாதிரின்னா, கருப்ப புடவை உடல்ல எடுக்காம கரைல மட்டும் வர்ற மாதிரி எடுங்க.

வெள்ளையப் பத்தி எழுதும்போது எனக்குக் கை கொஞ்சம் நடுங்குது. எங்க அம்மாச்சி இருபத்தெட்டு வயசுல வெள்ளைக்கு மாறுனவங்க. நாப்பத்தஞ்சு வருஷம் அதே வெள்ளை. சொட்டு நீலம் போட்டு அலசி அலசி (துணில ஏறுன பழுப்ப அந்த நீலம் மறைச்சு வெளேர்னு காட்டும்) கொடில காயப் போடும்போது அவங்க புடவைலதான் பக்கத்துல தொங்குற எங்க பாவாடைச் சாயம் ஏறிரும், நாங்க திட்டு வாங்குவோம். ஒரு தடவை ரோஸ் கலர் ஏறிருச்சு, லேசாத்தான். அம்மாச்சி அன்னைக்குத் திட்டல. அந்தப் புடவைய வெளுக்காம அப்படியே ரெண்டு மூணு மாசம் கட்டுனாங்க. நான் அப்ப சின்னப் புள்ளை, எனக்கு ஒண்ணும் தோணல, இப்ப நெனச்சா தொண்டை அடைக்குது. அதனால புருஷன இழந்த ஒருத்தருக்குத் துணி எடுக்கப் போறீங்கன்னா, தயவு பண்ணி "பாந்தமா", "டீசன்ட்டா"ன்னு நீங்களா முடிவு பண்ணிராதீங்க. அவங்களையே கூட்டிட்டுப் போங்க. அவங்களா வெளிர் கலர் எடுத்தா எடுக்கட்டும், சில பேருக்கு உண்மையிலேயே அதுதான் பிடிக்கும், ஆனா அந்தக் கை எந்தப் பக்கம் போகுதுன்னு கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டு இருங்க, அவசரப்படுத்தாதீங்க.

அதே வெள்ளை கிறிஸ்தவங்க வீட்டுக் கல்யாணத்துல மணப்பொண்ணு கலர், மார்கழில அரிசிமாவுக் கோலத்துக்கு அதுதான் அழகு, சுத்தி செம்மண் காவி இழுத்துட்டா விசேஷம். அரசியல்வாதி வேட்டி சட்டையும் அதுதான். பரிசாக் குடுக்குறப்ப மட்டும்தான் வெள்ளைல கவனம் வேணும்.

நீலத்துல ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். அடர்நீலம் நெறைய பேருக்கு அம்பேத்கரோட கலர், ஊர் ஊரா நிக்குற அவரு சிலைல கோட்டு நீலம்தான். அவங்க வீட்டு விசேஷத்துக்கு நீல ரிப்பன் கட்டி ஒண்ணு குடுத்தா அது வெறும் ரிப்பனா இருக்காது.

இதச் சொல்லும்போது கைக்கயிறப் பத்தியும் சொல்லியாகணும். பள்ளிக்கூடம் போற புள்ளைங்க கைல கலர் கலராக் கயிறு கட்டுறத சாமிக்கயிறுன்னு நெனச்சு விட்டுர்றோம். தென்மாவட்டத்துல சில எடத்துல அந்தக் கலர் எந்தச் சாதின்னு காட்டுற அடையாளமா இருக்கு. 2023ல நாங்குநேரில ஒரு மாணவனையும் தங்கச்சியையும் வீடு புகுந்து வெட்டுன பிறகு, அரசு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவ வச்சு ஒரு நபர் குழு போட்டுச்சு, 2024 ஜூன்ல குடுத்த அறிக்கைல மாணவர்கள் கைல கலர்க் கயிறு கட்டக்கூடாதுன்னே பரிந்துரை பண்ணியிருக்காரு. கோயில் வாசல்ல புள்ளைக்குக் கயிறு வாங்குறீங்கன்னா, இந்தக் கலர் நம்ம ஊர்ல என்னவாப் பாக்கப்படுதுன்னு ஒரு நிமிஷம் யோசிங்க, புள்ளை தானா ஒரு கலர் கேட்டா ஏன் அந்தக் கலர்னு பக்குவமாக் கேளுங்க. இதுல அசால்ட்டா இருக்கக் கூடாது.

இப்ப கடைக்குப் போவோம். கடைக்குள்ள இருக்குற லைட்ட நம்பாதீங்க, மஞ்ச லைட்டுல அரக்கு பளபளன்னு இருக்கும், வெளிய வந்தா காப்பிக் கலராத் தெரியும், வெள்ளை லைட்டுல கத்தரிப்பூ நீலமாயிரும். புடவைய வாசலுக்குக் கொண்டு வந்து பகல் வெளிச்சத்துல பாருங்க, எந்தக் கடையிலயும் வேணாம்னு சொல்ல மாட்டாங்க. பகல் பதினோரு மணிக்கு மேல நாலு மணிக்குள்ள போயிருங்க, அந்தி சாஞ்சா பாத்ததெல்லாம் பொய்யாயிரும். பட்டுல டபுள் ஷேட் எடுக்குறதா இருந்தா மடிப்ப விரல்ல பிடிச்சு மெதுவாத் திருப்புங்க. மயில் கழுத்துல பாவு (நீளவாக்கு நூல்) ஒரு கலர், ஊடை (குறுக்கு நூல்) ஒரு கலர், நீலமும் பச்சையும், அதனாலதான் மடிப்போட மேட்டுல பச்சை ஓடும், பள்ளத்துல நீலம் எறங்கும், திருப்பும்போது ரெண்டும் எடம் மாறும். இந்த ஆட்டம் இல்லாம ஒரே மாதிரி தெரிஞ்சா அது டபுள் ஷேட் இல்ல. காஞ்சிபுரம் கோர்வைன்னு சொல்லிக் குடுத்தா, உடலும் கரையும் சேர்ற எடத்தப் புரட்டிப் பாருங்க, தனித்தனி நாடால (ஊடை நூல ஓட்டுற தறிக்கட்டை) ஊடை வந்து அந்த எடத்துல பூட்டிக்கிட்டிருக்கும், லேசா ரம்பப் பல்லு மாதிரி தெரியும். கரைக்கு வேற கலர் வேணும்னு கேட்டுத்தான் இத்தன பாடு படுறாங்க, அதனால கரையையும் சேத்து யோசிங்க, உடல்ல ஊருக்குப் பிடிச்ச கலரும் கரைல அவங்களுக்குன்னு இருக்குற கலரும் வந்துட்டா யாருக்கும் மனக்குறை இருக்காது.

கண்ணாடி முன்னாடி நிக்கும்போது ஒரு பேச்சு வரும், "கருப்பா இருக்குற புள்ளைக்கு டார்க் கலர் எடுக்காதீங்க, இன்னும் மங்கலாத் தெரியும்"னு. விற்கிறவங்களும் சொல்லுவாங்க, கூட வந்த சித்தியும் சொல்லுவாங்க. அந்தப் பேச்ச அங்கேயே நிறுத்துங்க. நான் கண்ணால பாத்துட்டேன், கருத்த புள்ளைங்களுக்கு எம்.எஸ். ப்ளூவும் அரக்கும் வாடாமல்லியும் எடுத்துக் குடுக்குற அழக வேற எதுவும் குடுக்காது, அந்த வெளிர் ரோஸையும் பிஸ்தாவையும் தலைல கட்டி அவங்கள ஒடுங்க வைக்குறதே நம்மதான். மாந்தளிர் மேனின்னு வர்ணிச்ச மொழிய வச்சுக்கிட்டு, கருப்பாயி, கருப்பன்னு ஆசையாப் பேர் வச்ச ஊர்ல இருந்துக்கிட்டு, பொண்ணுக்கு முன்னாடி இப்படிப் பேசலாமா? பதினஞ்சு வயசுல கேட்ட அந்த ஒரு பேச்சுக்காக நாப்பது வயசு வரைக்கும் செவப்பே கட்டாத ஒரு ஆள எனக்குத் தெரியும். போன வருஷம் மிளகாப்பழச் செவப்புல ஒண்ணு தோள்ல போட்டு வாசலுக்குக் கூட்டிட்டு வந்து நிறுத்துனேன், ரொம்ப நேரம் கண்ணாடியவே பாத்துக்கிட்டு இருந்தாங்க, வெல கூடக் கேக்கல.

வீட்டுக்குச் சுவர்க் கலர் எடுக்குறதுக்கும் இதேதான், சின்ன அட்டைல இருக்குற கட்டத்த நம்பாம ரெண்டுக்கு ரெண்டடி சுவர்ல அடிச்சுப் பாத்து, காலைல ஒரு தடவை, ராத்திரி லைட்டுல ஒரு தடவை பாருங்க, வீட்ல யாரு அதிக நேரம் அந்த ரூம்ல இருக்காங்களோ அவங்க பேச்சுக்கு மரியாதை குடுங்க, படுக்கைல இருக்குற தாத்தாவா இருந்தாலும் சரி.

அம்மாவுக்கு அடுத்த தீபாவளிக்கு அவங்களையே கூட்டிட்டுப் போனேன். பீரோவுல இருந்த அந்தப் பழைய சுங்குடி முந்தில இருந்து நைஞ்ச நூல் நாலு எடுத்து டப்பால போட்டு வச்சிருந்தேன், அதக் காட்டி இந்தப் பச்சைல வேணும்னு கேட்டேன், எட்டாவது புடவைல அந்தப் பச்சை கெடச்சுச்சு, கரை மட்டும் அரக்கு. வாசலுக்குக் கொண்டு வந்து விரிச்சோம், அம்மா கரையத் தொட்டுட்டு "இது கொஞ்சம் ஜாஸ்தி இல்ல?"ன்னு கேட்டாங்க, கேட்டுக்கிட்டே கைய எடுக்கல.

கடைசியா ஒண்ணு, புதுப் புடவை மூலைல மஞ்சள் வைக்குறப்ப வெளில தெரியுற முந்தில வைக்காதீங்க, கொசுவத்துக்குள்ள சொருகுற பக்கத்து மூலைல வைங்க. சோப்புத் தண்ணி பட்டா அந்தப் புள்ளி சட்டுனு செவப்பாகும், சாயம் போயிருச்சோன்னு பதறிராதீங்க, சுண்ணாம்புல நடந்த அதே கதைதான், நல்ல தண்ணில அலசுனா திரும்ப மஞ்சளாயிரும். பட்டுன்னா மொத்தமா நெழல்லதான் காயணும், மஞ்சள் பட்ட அந்த மூலைய மட்டும் கொஞ்ச நேரம் வெயில் படுற மாதிரி போட்டீங்கன்னா வெளுத்துரும். எங்க அம்மா மட்டும் அத வெளுக்க விடல, மூலைய மடிச்சு உள்பக்கமா வச்சுத்தான் காயப் போட்டாங்க.